தோள்பட்டை முடிச்சும் பனியன் கம்பெனி ஸ்டூலும்

வலிக்க வலிக்க அமுக்கினால்தான் சரியாகும் என்று நம்புகிறவர்கள்தான் என்னிடம் வருபவர்களில் அதிகம். குப்புறப் படுத்ததுமே, "நல்லா அழுத்துங்க, நான் தாங்கிக்குவேன்" என்பார்கள். மெதுவாக ஆரம்பித்தால், இது எப்படிப் போதும் என்று தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். வலியைத் தாங்கிக்கொள்வதே வைத்தியம் என்று எப்போதோ மனதில் பதிந்துவிட்டது. அது தவறு என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வருகிறேன். இங்கே எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

நான் திருப்பூரில் பிசியோதெரபி பார்க்கிறேன். இந்த ஊரில் கழுத்தும் தோளும் முதுகும்தான் என் பிழைப்பு. ஓவர்லாக் தைக்கிறவர்கள், ஃபிளாட்லாக் தைக்கிறவர்கள், நாள் முழுக்க நின்று பீஸ் பார்க்கும் செக்கிங் பெண்கள், அயர்ன் போடுகிறவர்கள், கட்டிங் மாஸ்டர்கள் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வலி உண்டு. ஷிப்மென்ட் நெருக்கத்தில் ஒன்றரை ஷிப்ட் ஓடினால் அடுத்த வாரமே என் வாசலில் கூட்டம் தெரியும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் சதை திரண்டு நிற்கும். விரல் பட்டாலே துள்ளுவார்கள். "முடிச்சு விழுந்திருக்கு" என்பார்கள், "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்பார்கள், "வாயு புடிச்சிருக்கு" என்பார்கள். மூன்றும் ஒரே இடத்தைத்தான் குறிக்கும்.

பதிவு நீளமாகத்தான் போகும். வலியோடு படிக்கிறவர்கள், கீழே பந்து வைத்து அழுத்துவதைப் பற்றிச் சொல்லியிருக்கும் இடத்தை முதலில் படித்துவிட்டு வாருங்கள். ஆனால் இதயத்தைப் பற்றிய பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போகவேண்டாம்.

முதலில் அந்த முடிச்சு என்ன என்று பார்ப்போம். சுருண்டு கிடப்பது நரம்பு இல்லை, தசை. கழுத்தின் அடியிலிருந்து தோள் முனை வரை ஓடும் சதையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் பிடித்து, இழைகள் ஓடும் திசைக்குக் குறுக்கே மெல்ல உருட்டிப் பாருங்கள். இறுகிய ஒரு வார் விரலடியில் நழுவி ஓடும். பின்னல் துணியில் ஓர் இழை மட்டும் இழுபட்டு, சுற்றியுள்ள துணி சுருங்கி நிற்குமே, அப்படித்தான் இருக்கும் அது. அந்த வாரின் மேலேயே விரலை நகர்த்திக்கொண்டு போனால் ஓரிடத்தில் சுரீரென்று இருக்கும். அதுதான் டிரிக்கர் பாயின்ட். பிசியோக்கள் எல்லோரும் இப்படியே சொல்கிறோம். நானும் இந்தப் பதிவில் வலிமுனை என்று சொல்லாமல் அப்படியே எழுதுகிறேன்.

இந்தப் பெயரை உலகம் முழுக்கப் பரப்பியவர் ஜேனட் டிராவல் என்ற அமெரிக்க மருத்துவர். 1901-இல் பிறந்தவர். அதிபர் கென்னடிக்கு மருத்துவராக வெள்ளை மாளிகைக்குப் போனவர். அந்தப் பொறுப்பில் அமர்ந்த முதல் பெண். டேவிட் சைமன்ஸ் என்ற இன்னொரு மருத்துவரோடு சேர்ந்து டிரிக்கர் பாயின்ட்களுக்கான பெரிய கையேட்டை எழுதினார். முதல் பாகம் 1983-இல் வந்தது, இரண்டாவது 1992-இல். சைமன்ஸ் அமெரிக்க விமானப்படையில் இருந்தவர். 1957-இல் ஒரு பலூனில் தனியாக முப்பது கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் போய் இறங்கியவர். வானத்தின் விளிம்பைப் பார்த்துவிட்டு வந்த மனிதர் பிறகு வாழ்நாள் முழுக்கத் தசையில் ஒரு பட்டாணி அளவு இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார் என்று நினைக்கும்போது எனக்கு அவர்மேல் தனி மரியாதை வரும்.

அந்தக் கையேட்டின் படங்களைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். தசையில் ஓரிடத்தில் பெருக்கல் குறி இருக்கும். வலி தெரியும் பகுதி சிவப்பாக இருக்கும். பல படங்களில் இரண்டும் ஒரே இடத்தில் இருக்காது. குறி தோளில், சிவப்பு நெற்றிப்பொட்டில். குறி தோள்பட்டை எலும்பின் பின்னால், சிவப்பு தோளின் முன்பக்கம். குறி இடுப்புக்குக் கீழே பக்கவாட்டில், சிவப்பு கால் வெளிப்புறம் முழுக்கக் கணுக்கால் வரை. வலி ஓரிடத்தில் புறப்பட்டு இன்னோர் இடத்தில் தெரிவது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1938-லேயே லண்டனில் ஜோனாஸ் கெல்கிரன் என்ற மருத்துவர், தன்னார்வலர்களின் தசைகளில் உப்பு நீரை ஊசியால் ஏற்றி, வலி எங்கே தெரிகிறது என்று குறித்துவைத்தார். ஊசி குத்திய இடத்திலிருந்து வெகு தூரத்தில் வலிக்கிறது என்றார்கள். வெவ்வேறு இடங்களிலிருந்து வரும் நரம்புகள் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில் வந்து சேருகின்றன. மேலே போகும் சேதி எந்த இடத்திலிருந்து வந்தது என்று மூளையால் சரியாகப் பிரித்தறிய முடிவதில்லை.

ஓர் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். ஓவர்லாக் டைலர். வலப்பக்கம் மட்டும் தலைவலி, மாதக்கணக்கில். கண் டெஸ்ட் எடுத்து, கண்ணாடி மாற்றி, சைனஸ் என்று மாத்திரை விழுங்கி, எதற்கும் அசையவில்லை. தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்ற பிறகுதான் டாக்டர் என்னிடம் அனுப்பினார்.

"எங்க வலிக்குதுக்கா?"

"இந்தப் பொட்டுல கண்ணு. அப்பறம் கண்ணுக்குப் பொறத்தால குத்துது."

தோள்மேல் சதையைப் பிடித்து, அந்த இறுகிய வாரைத் தேடி, சுரீர் என்ற இடத்தில் கொஞ்சமாக அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். மனதுக்குள் பத்து எண்ணியிருப்பேன். அவர் சட்டென்று கையைத் தூக்கிப் பொட்டைத் தொட்டார்.

"கண்ணு, இதேதான்! நீ தோளத்தான புடிச்சிருக்க, எனக்குப் பொட்டுல வலிக்குது!"

இந்த இடத்துக்காகத்தான் நாங்கள் தேடுகிறோம். அழுத்தினால் வலிக்கும் இடங்கள் உடம்பில் ஏராளம் உண்டு. யார் தோளைப் பிடித்தாலும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். அழுத்தும்போது அவருக்குப் பழக்கமான அந்த வலியே, அது வழக்கமாக வரும் இடத்திலேயே, திரும்ப வரவேண்டும். அப்போதுதான் சரியான கதவைத் தட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். இதை விட்டுவிட்டு வலிக்கிற பொட்டிலேயே தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால் தைலம்தான் தீரும்.

அயர்ன் போடும் அண்ணன்மார் தோளின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். கை தூக்க முடியவில்லை, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்பார்கள். முன்பக்கம் தேய்த்துத் தேய்த்து அங்கே தோல் கறுத்துப்போயிருக்கும். தோள்பட்டை எலும்பின் பின்பக்கம், அதன் நடுவில் விரல் வைத்தால் துடித்துவிடுவார்கள். இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் என்ற தசை அது. சட்டைக் காலருக்கும் அக்குளுக்கும் நடுவே, யாரும் தானாகக் கைவைத்துப் பார்க்காத இடம். லோடு வண்டி ஓட்டுகிறவர்கள் காலில் வலி இறங்குகிறது, ஜவ்வு விலகியிருக்கும் என்று பயந்து வருவார்கள். சிலருக்கு அது உண்மையாகவே டிஸ்க்தான். சிலருக்கு இடுப்புப் பக்கவாட்டுத் தசை. மரத்துப்போதலும் பலவீனமும் இருந்தால் நான் நீவுவதில்லை, நேராக டாக்டரிடம்தான் அனுப்புகிறேன்.

இந்த முடிச்சு ஏன் உண்டாகிறது? டிராவலும் சைமன்சும் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தமானது. தசை சுருங்க மட்டும்தான் சக்தி வேண்டும், விடுவதற்கு வேண்டாம் என்று நினைக்கிறோம். விடுவதற்கும் வேண்டும். இறந்த உடல் விறைத்துப்போவது அதனால்தான். சக்தி தீர்ந்த தசையால் பிடித்த பிடியை விட முடிவதில்லை. ஒரே நிலையில் நீண்ட நேரம் இறுகியிருக்கும் தசையில் ஒரு சிறு பகுதி மட்டும் விடாமல் பிடித்துக்கொள்கிறது, அந்த இறுக்கமே அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களை நெரிக்கிறது, ரத்தம் குறைவதால் சக்தியும் குறைகிறது, சக்தி குறைந்ததால் விட முடிவதில்லை என்பது அவர்கள் கருத்து. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் ஜே ஷா என்பவரின் குழு 2005-இல் மிக மெல்லிய ஊசி வழியே இந்த இடங்களின் திரவத்தை எடுத்துப் பார்த்தது. அமிலத்தன்மை கூடியிருந்தது, வலியைக் கிளப்பும் வேதிப்பொருள்கள் கூடியிருந்தன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் முக்கியமானது.

எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் குவின்ட்னரும் அவர் நண்பர்களும் பல ஆண்டுகளாக எதிர்த்து எழுதி வந்தார்கள். 2015-இல் வந்த அவர்கள் கட்டுரை கடுமையானது. தசையில் முடிச்சு என்று ஒரு பொருளே இல்லை, நரம்பு மண்டலம் கூச்சமடைந்திருக்கிறது, அவ்வளவுதான் என்பது அவர்கள் வாதம். இரண்டு நிபுணர்கள் ஒரே ஆளைத் தனித்தனியாகத் தடவிப் பார்த்தால், பல சமயம் இருவரும் ஒரே இடத்தைக் காட்டுவதில்லை என்பதும் ஆய்வுகளில் தெரிந்த விஷயம்தான். நான் இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு வந்திருக்கும் முடிவு இது: டிராவலின் படங்கள் எங்கே தேடுவது என்று காட்டுகின்றன, அதற்கு அவற்றைப் பயன்படுத்துகிறேன். கல்லாகக் கெட்டிப்பட்ட ஏதோ ஒன்றை உடைத்து எடுக்கிறேன் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிட்டேன். உடைக்க அங்கே கல் எதுவும் இல்லை. பயந்து இறுக்கிப் பிடித்திருக்கும் ஒரு தசையிடம், ஆபத்து ஒன்றும் இல்லை, விடலாம் என்று சொல்லவேண்டியிருக்கிறது. முழங்கையால் குத்தி அதைச் சொல்ல முடியாது.

லாக்டிக் அமிலம் வெளியேறுகிறது, கழிவு கரைகிறது என்று மசாஜ் நிலையங்களில் எழுதி ஒட்டியிருப்பார்கள். லாக்டிக் அமிலம் கடும் வேலைக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே இறங்கிவிடும். மாதக்கணக்கில் தோளில் உட்கார்ந்திருக்க அதற்கு முடியாது.

சரி, பந்துக்கு வருவோம்.

தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் டென்னிஸ் பந்து ஒன்று போதும். அதை ஒரு பழைய காலுறைக்குள் போட்டு, காலுறையின் வாயைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலாகப் பந்தை முதுகுப் பக்கம் தொங்கவிடுங்கள். பந்து முதுகெலும்பின் மேலே வரக்கூடாது. முதுகெலும்புக்கும் தோள்பட்டை எலும்புக்கும் நடுவில் உள்ள சதையிலோ, தோள்பட்டை எலும்பின் மேலேயே உள்ள சதையிலோ இருக்கவேண்டும். பாதங்களைச் சுவரிலிருந்து ஓரடி முன்னே வைத்து, மெதுவாகப் பின்னால் சாயுங்கள். எவ்வளவு சாய்கிறீர்களோ அவ்வளவு அழுத்தம். இதில் இருக்கிற நல்ல விஷயமே அதுதான், கட்டுப்பாடு முழுக்க உங்கள் காலில் இருக்கிறது.

முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நீட்டினால் பந்து மேலும் கீழும் உருளும். சுரீர் என்ற இடம் வந்ததும் நின்றுவிடுங்கள். வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று மனதுக்குள் மார்க் போடுங்கள். ஐந்து இருந்தால் சரி. ஏழு, எட்டு என்றால் பாதத்தைச் சுவர்ப்பக்கம் நகர்த்தி அழுத்தத்தைக் குறையுங்கள். அப்படியே அரை நிமிடம், அதிகம் போனால் ஒரு நிமிடம். மூச்சை விடும்போது நீளமாக விடுங்கள். அந்த நேரத்திலேயே ஐந்தாக இருந்தது மூன்றாகும், இரண்டாகும். குறையவே இல்லையா, அந்த இடத்தை இப்போதைக்கு விட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். ஓரிடத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் எதற்காகவும் வேண்டாம். காலையில் ஒருமுறை, வேலை முடிந்து ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை செய்தால் நல்ல பலன் தெரியும். ஒரே நாளில் அரை மணி நேரம் அழுத்தி மறுநாள் எழ முடியாமல் கிடப்பதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி செய்வதுதான் வேலை செய்கிறது. இதை மட்டும் ஒருவர் இந்தப் பதிவிலிருந்து எடுத்துக்கொண்டாலும் எனக்குப் போதும்.

அழுத்தம் அதிகமாகிவிட்டதை உடம்பு உடனே சொல்லிவிடும். மூச்சு நின்றுபோகும், கால்விரல்கள் மடங்கும், பற்கள் கடித்துக்கொள்ளும். தோள் தானாகக் காதை நோக்கி ஏறும். அப்போது தசை இளகவில்லை, தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகுகிறது. மறுநாள் அங்கே நீலம் பாய்ந்திருந்தால் அதை நல்ல மசாஜுக்கு அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோலடியில் ரத்தம் கட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

தோள்மேல் சதைக்குப் பந்து வேண்டாம், எதிர்க்கை போதும். வலத் தோளை இடக்கையால் பிடித்து, பிசையாமல் பிடித்தபடியே வைத்திருங்கள். வலக்கையின் எடையைத் தொங்கவிடாமல் மடியிலோ தலையணையிலோ வைத்துக்கொண்டால் தசை சீக்கிரம் விடும். பிடித்த பிறகு தலையை எதிர்ப்பக்கம் மெல்லச் சாய்த்து, தோளைப் பின்னோக்கிச் சில தடவை சுழற்றிவிடுங்கள். அழுத்தி விட்ட தசையை உடனே அசைக்காமல் விட்டால் பாதிப் பலன் போய்விடுகிறது என்பது என் அனுபவம். வீட்டில் மற்றவருக்குப் பிடித்துவிடுகிறவர்கள் கட்டைவிரலை மட்டும் நம்பி அமுக்காதீர்கள். சில மாதத்தில் உங்கள் கட்டைவிரல் மூட்டு வலிக்க ஆரம்பிக்கும். மடக்கிய விரல் முட்டியும் உள்ளங்கையின் அடிப்பகுதியும் இருக்கின்றன.

எந்த எண்ணெய் என்று கேட்காதவர் இல்லை. நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ வீட்டில் எது இருக்கிறதோ அது. கை வழுக்கிக்கொண்டு போக உதவும். முடிச்சைத் தேடி அழுத்தும்போது எண்ணெயே வேண்டாம். வழுக்கினால் இடம் தவறும். அழுத்தி முடித்த பிறகு நீவிவிட எண்ணெய் போடுங்கள். ஒத்தடம் நல்லது, எனக்கு மிகவும் பிடித்தது. கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்தோ, நொச்சி இலையை வதக்கிக் கட்டியோ கொடுப்பதை ஏன் விட்டோம் என்று தெரியவில்லை. வென்னீர்ப் பையும் அதே வேலையைத்தான் செய்கிறது. வலி நிவாரண பாம் தடவிய இடத்தின்மேல் ஒத்தடம் கொடுக்காதீர்கள், தோல் வெந்துவிடும். சர்க்கரை நோயால் உணர்வு மங்கியவர்களுக்கு ஒத்தடச் சூட்டை இன்னொருவர் தன் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கவேண்டும்.

இப்போது நான் தாண்டிப் போகவேண்டாம் என்று சொன்ன பகுதி.

தோளில் நீவும்போது சிலருக்கு ஏப்பம் வரும். "பாத்தீங்களா, வாயு பிரியுது" என்று பெரியவர்கள் சந்தோஷப்படுவார்கள். வயிற்றில் இருக்கும் காற்று தோள் சதைக்குள் போய் உட்கார வழியே இல்லை. ஏப்பம் வயிற்றிலிருந்து வருகிறது. இதை வழக்கமாக நான் மறுத்துப் பேசுவதில்லை, வலி குறைந்தால் சரி. ஆனால் ஓரிடத்தில் மட்டும் விடாமல் சண்டை போடுவேன். இடத் தோள், இடக்கை, தாடை, நெஞ்சு, முதுகின் நடுப்பகுதி இங்கெல்லாம் திடீரென்று வலி வந்தால் அதை வாயு என்று முடிவுகட்டி எண்ணெயை எடுக்காதீர்கள். தோள் முடிச்சின் வலி பொட்டில் தெரிவது எந்தக் காரணத்தாலோ, இதயத்தின் வலி கையிலும் தாடையிலும் தெரிவதும் அதே காரணத்தால்தான். இதயத்திலிருந்து வரும் நரம்புகளும் கையிலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில்தான் சேருகின்றன.

வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல், மாடி ஏறினால் கூடி உட்கார்ந்தால் குறையும் வலி, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் களைப்பாகவும் முதுகு வலியாகவும் வருவது உண்டு. அமுக்கினால் வலிக்கிறது, ஆகையால் இது சதை வலிதான் என்ற சோதனையை நம்பமுடியாது. ஒரு வீட்டில் அப்பாவுக்கு ராத்திரி முழுக்க மாறி மாறித் தைலம் தேய்த்துவிட்டு, விடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பாசத்தோடுதான் தேய்த்தார்கள். அந்தச் சில மணி நேரம் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. இ.சி.ஜி. எடுக்கக் கொஞ்ச நேரம்தான் ஆகும். அதில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு என்னிடம் வாருங்கள், எத்தனை மணிக்கு வந்தாலும் பார்க்கிறேன்.

கை வைக்கக்கூடாத இன்னும் சில இடங்களும் நேரங்களும் உண்டு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அதை நீவவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், நீவினால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போகலாம். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தவர்கள், பிரசவமானவர்கள், நீண்ட தூரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். கழுத்தின் முன்பக்கம், நாடித் துடிப்பு தெரியும் இடத்தில் அழுத்தவேண்டாம். முடிவெட்டிய பிறகு கழுத்தைச் சட்டென்று திருப்பி நெட்டி எடுக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கழுத்துக்குள் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வருவது அரிதுதான், ஆனால் வந்திருக்கிறது. முதுகை மிதிக்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிடும் தாத்தா பாட்டிகளுக்கு எலும்பு மெலிந்திருக்கலாம். பிள்ளை எடை குறைவு என்று நினைப்போம், முதுகெலும்பு நொறுங்க அது போதும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆழமான அழுத்தம் கூடாது. முதுகு வலியோடு சிறுநீர் போவது தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைந்துகொண்டே வரும் வலி, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி இவையெல்லாம் மசாஜுக்கு உரியவை அல்ல.

மசாஜ் எவ்வளவு நாள் தாங்கும் என்பது அடுத்த கேள்வி. உண்மையைச் சொல்வதென்றால் கொஞ்ச நாள்தான். முதுகு வலிக்கான மசாஜ் ஆய்வுகளை 2015-இல் திரட்டிப் பார்த்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும், பலன் குறுகிய காலத்துக்கே தெரிகிறது என்றும், கிடைத்த ஆதாரங்களின் தரம் குறைவு என்றும்தான் சொன்னது. இதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தக் குறுகிய காலம் ஒருவர் நிம்மதியாகத் தூங்க, கையைத் தூக்கிப் பார்க்க, உடற்பயிற்சியை ஆரம்பிக்கப் போதுமானது. அதற்குள் வேறு ஏதாவது மாறவேண்டும்.

கென்னடிக்கு நடந்ததை இங்கே சொல்லவேண்டும். 1955-இல் டிராவலிடம் வந்தபோது அவர் முதுகு ஏற்கெனவே கத்தி பார்த்த முதுகு. டிராவல் தசைகளில் மரத்துப்போகும் மருந்தை ஊசியால் போட்டார், ஒரு காலணியின் அடியை உயர்த்தினார், ஆடும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். புகைப்படங்களில் நாம் பார்க்கும் அந்த நாற்காலி அப்படி வந்ததுதான். கென்னடிக்கு நிவாரணம் கிடைத்தது. 1961 மே மாதம் கனடாவில் ஒரு மரம் நடும் விழாவில் மண்வெட்டியோடு குனிந்தபோது முதுகு மீண்டும் பிடித்துக்கொண்டது. திரும்பத் திரும்ப ஊசி தேவைப்பட்டது. வெள்ளை மாளிகையின் மற்ற மருத்துவர்கள் கவலைப்பட்டு, அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஹான்ஸ் கிரவுஸ் என்பவரை அழைத்துவந்தார்கள். ஆஸ்திரியாவிலிருந்து வந்த மருத்துவர், மலையேறுபவர். கென்னடியின் தசைகள் பலவீனமாகவும் இறுகியும் கிடப்பதைப் பார்த்துவிட்டு, வாரத்துக்கு மூன்று முறை உடற்பயிற்சி என்று ஆரம்பித்தார். சில மாதங்களில் கென்னடி நன்றாகத் தேறினார். டிராவலின் கை திறமையான கைதான். ஆனாலும் உலகத்திலேயே பெரிய பதவியில் இருந்தவருக்குக்கூட மற்றவர் செய்துவிடுவது மட்டும் போதவில்லை. அவர் தசை தானாக வலுப்பெற வேண்டியிருந்தது.

என் ஓவர்லாக் அக்காவுக்குத் தலைவலி இரண்டு வாரத்தில் குறைந்தது, அடுத்த மாதமே திரும்பி வந்தது. அவர் உட்காரும் விதத்தைச் செய்துகாட்டச் சொன்னேன். முதுகுச் சாய்வு இல்லாத இரும்பு ஸ்டூல். மெஷின் உயரம், ஸ்டூல் தாழ்வு. ஆகவே பத்து மணி நேரமும் தோள் இரண்டும் காதை நோக்கித் தூக்கியபடியே இருந்தன. பெடல் தள்ளி இருந்ததால் இடுப்பு ஓரமாகச் சாய்ந்திருந்தது. வெளிச்சம் குறைவு என்று கழுத்தை முன்னே நீட்டியிருந்தார். அந்தத் தோளை நான் எத்தனை முறை இளக்கினாலும் திங்கட்கிழமை காலையில் மெஷின் அதை மறுபடியும் இறுக்கிவிடும். பழைய துணியை மடித்துத் தைத்து ஸ்டூலின் மேல் கெட்டியான ஒரு மெத்தை போட்டுக்கொண்டார். பெடலை இழுத்து வைக்கச் சொல்லி மெக்கானிக்கிடம் கேட்டார். பண்டல் மாறும்போதெல்லாம் எழுந்து நின்று தோளைச் சுழற்றிவிடுகிறார். வீட்டில் சுவரில் கை ஊன்றித் தள்ளும் பயிற்சி, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்கும் பயிற்சி. வலி முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஷிப்மென்ட் வாரங்களில் வருகிறது. மாத்திரை இல்லாமல், பந்தை வைத்தே அவரால் சமாளிக்க முடிகிறது.

யூனிட் வைத்திருப்பவர்களும், லைனைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர்களும் இதைப் படித்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். தைப்பவர் உட்கார்ந்து கையை மெஷினில் வைக்கும்போது முழங்கை மெஷின் பலகையின் மட்டத்துக்கு வருகிறதா என்று ஒவ்வொரு லைனாக நடந்து பாருங்கள். வராதவர்களுக்கு ஸ்டூலை உயர்த்துங்கள், முடிந்தால் சாய்வு உள்ள நாற்காலி கொடுங்கள். பெடலைக் காலுக்கு நேராக வையுங்கள், ஊசிக்கு மேலே ஒரு விளக்கு போடுங்கள். மணிக்கொருமுறை ஒரு நிமிடம் எழுந்து நின்றால் யாரும் திட்டக்கூடாது என்று லைனில் சொல்லிவிடுங்கள். முதலில் தலைவலி என்று அடிக்கடி லீவு கேட்பவர்களின் மெஷினிலிருந்து ஆரம்பிக்கலாம்.